மறு: ஸ்க்வெல்ச் – இரைச்சலடக்கியா, கலுங்கா, ஒலிமடையா?

குழுவினருக்கு வணக்கம்.

லாரிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சி.பி. (சிட்டிசன்ஸ் பேண்ட்) வானொலிப் பெட்டிகளை ஒப்பிட்டு எழுதும் கட்டுரைக்கு, அதிலுள்ள 'ஸ்க்வெல்ச்' குமிழுக்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல்தான் கேட்டேன். இருபத்தேழு மடல் ஆகிவிட்டது. 27 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் சங்கதிக்கு அது பொருத்தம்தான், ஆனால் சொல்தான் இன்னும் வந்தபாடில்லை. இதுவரை வந்த யோசனைகளை வைத்து என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுகிறவர்கள் திட்டலாம்.

> இரைச்சலடக்கி என்று ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்களே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

அக்கா, கட்டுரையை நடுவழியில் நிறுத்தியதே அந்தச் சொல்தான். இரைச்சலை அடக்குகிற உறுப்பு சி.பி. பெட்டியில் வேறாக இருக்கிறது. பக்கத்தில் போகும் பெட்ரோல் காரின் தீப்பொறி கிளப்பும் படபட ஓசையை, அந்தத் துடிப்பு வரும் கணத்தில் மட்டும் பாதையைத் துண்டித்து விலக்குவது நாய்ஸ் பிளாங்கர். ஸ்க்வெல்ச் அப்படி எதையும் செய்வதில்லை. யாரும் பேசாத நேரத்தில் ஸ்பீக்கரின் வாயைக் கட்டிவைக்கிறது. யாராவது பேச வந்தால் அவிழ்த்துவிடுகிறது, அவ்வளவே. அவிழ்த்த பிறகு பேச்சோடு இரைச்சலும் சேர்ந்தே வரும், துளியும் குறையாது. இதற்கு இரைச்சலடக்கி என்று பெயர் வைத்தால், குமிழைத் திருகினால் பேச்சு தெளிவாகும் என்று வாசகர் நினைப்பார். நினைத்துத் திருகுவார். தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல் மொத்தமாகப் போய்விடும்.

நானே ஏமாந்த கதைதான் இது. மச்சான் கனடாவில் லாரி ஓட்டுகிறார். போன குளிர்காலத்தில் அவரோடு டொராண்டோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிங்ஸ்டன் பக்கம் போனேன். வண்டியில் இரண்டு பெட்டிகள், ஒரே ஆன்டெனா, நடுவில் மாற்றுச் சுவிட்ச். ஒன்று பழையது, ஒன்று அவர் புதிதாக வாங்கியது. பெயர்கள் வேண்டாம். இரண்டும் லாரிக்காரர்களின் 19ஆம் சேனலில், அதாவது 27.185 மெகாஹெர்ட்ஸில். பழையதில் உஸ்ஸென்று ஓயாத இரைச்சல். புதியதில் பூனை நடக்கிற சத்தம்கூட இல்லை. "எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு" என்றார் மச்சான். நானும் குறிப்பேட்டில் 'புதியது: ஏற்பி (ரிசீவர்) அருமை' என்று எழுதிக்கொண்டேன்.

வண்டியை ஓரங்கட்டித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பழைய பெட்டியில் இரைச்சலுக்கு அடியில் யாரோ ஒரு ஓட்டுநரின் குரல். சுவிட்சைப் புதியதற்குத் தள்ளினேன். மயான அமைதி. திரும்பப் பழையதற்கு வந்தேன், குரல் இருக்கிறது. நாலைந்து முறை மாற்றிப் பார்த்த பிறகுதான் புதிய பெட்டியின் ஸ்க்வெல்ச் குமிழ் பாதித் திருகில் நிற்பது கண்ணில் பட்டது. இடதுபுறம் முழுக்கத் திருப்பினேன். அதே உஸ், அதே குரல். குறிப்பேட்டில் எழுதியதை அடித்தேன்.

சிக்னல் மானியும் இதே போலத்தான் ஏமாற்றியது. அதே குரலுக்கு ஒன்றில் முள் 5இல் நின்றது, மற்றதில் 7இல். மானியில் உள்ள படிகளை எஸ் 1, எஸ் 2 என்று எண்ணுவார்கள்; எஸ் 9 என்றால் 50 மைக்ரோவோல்ட், ஒரு படிக்கு 6 டெசிபெல் என்பது வழக்கில் உள்ள கணக்கு. ஆனால் சி.பி. பெட்டிகளில் முள்ளை அவரவர் வசதிக்கு அமைத்துவிடுகிறார்கள். இரண்டு பெட்டிகளின் முள்ளை ஒப்பிடுவது இரண்டு கடைத் தராசுகளை ஒப்பிடுகிற மாதிரி.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> கலுங்கு என்று வைக்கலாம். கண்மாயில் நீர் ஒரு மட்டத்தைத் தாண்டினால்தான் கலுங்கு பாயும். மட்டத்தை உயர்த்தப் பலகை வைப்பது போலத்தான் குமிழைத் திருகுவதும்.

ஐயா, படித்ததும் துள்ளிவிட்டேன். எங்கள் ஊரும் கண்மாய்ப் பாசன ஊர்தான். கலுங்குக் கற்களுக்கு நடுவில் பலகை செருகி மண் அணைப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஏ.எம். பெட்டியில் ஸ்க்வெல்ச் வேலை செய்கிற விதமும் ஏறக்குறைய அப்படித்தான்: வரும் சிக்னலுக்குத் தக்கபடி தானாக ஏறி இறங்கும் ஏ.ஜி.சி. (தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாடு) மின்னழுத்தத்தை, குமிழ் வைத்த மட்டத்தோடு ஒப்பிடுகிறது. தாண்டினால் திறக்கும். இரண்டு நாள் கலுங்குதான் முடிவு என்று இருந்தேன்.

ஆனால் ஓரிடத்தில் இடிக்கிறது. கலுங்கில் மட்டத்துக்கு மேலே நிற்கிற நீர் மட்டும்தான் வழியும், கீழே உள்ளது கண்மாயிலேயே கிடக்கும். ஸ்க்வெல்ச் அப்படி உச்சியை மட்டும் நறுக்கி அனுப்பினால் பேச்சு கந்தலாகிவிடும். அது திறந்தால் முழுசாகத் திறக்கும். அடியிலிருக்கிற நீரும் சேர்ந்து பாய்வது மடையில்தான். மூடினால் சொட்டு வராது, திறந்தால் வண்டலும் சேர்ந்து வரும். இரைச்சல்தான் அந்த வண்டல். மடை தானாகத் திறக்காதே, ஆள் அல்லவா திறக்க வேண்டும் என்று கேட்பீர்கள். உண்மைதான். உவமையில் அந்த ஒரு குறை இருந்துவிட்டுப் போகட்டும். எப்போது திறக்கிறது என்பதைவிட, திறந்தால் என்ன வருகிறது என்பதில்தான் வாசகர் தவறுகிறார்.

> எங்கள் பக்கம் மடை என்றால் சாமிக்குப் போடும் படையல்.

திருநெல்வேலி நண்பர் சொல்வது சரி. மடைப்பள்ளியும் அந்த வழிதான். அதனால்தான் தனியாக 'மடை' என்று விடாமல் 'ஒலிமடை' என்கிறேன். 'மடையன்' ஞாபகம் வருகிறது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதற்கு என்னிடம் மருந்தில்லை.

ஒரு சொல் நல்லதா என்பது அதிலிருந்து கிளைக்கும் சொற்களில் தெரியும். ஒலிமடையை இறுக்கு, தளர்த்து. மடை திறக்கும் அளவு, மடை மூடும் அளவு. இந்த இரண்டும் ஒன்றாகவே இருந்தால், அலைந்து அலைந்து வரும் குரல் துண்டு துண்டாக வெட்டுப்படும். அதனால் திறக்கும் அளவைவிட மூடும் அளவைச் சற்றுக் கீழே வைப்பார்கள். ஒப்பீட்டுக் கட்டுரையில் இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம், 'இரைச்சலடக்கி'யை வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கும். அமெரிக்காவில் 2021இல் சி.பி.க்கு எஃப்.எம்.மும் அனுமதித்துவிட்டார்கள். எஃப்.எம்.மில் ஆளில்லாத சேனல் இன்னும் பலமாக இரையும், ஒலிமடை இல்லாமல் உட்கார முடியாது. அங்கே பெரும்பாலும் சிக்னலின் மட்டத்தைப் பார்க்காமல் இரைச்சல் குறைகிறதா என்று பார்த்துத் திறப்பார்கள். சொல் அதற்கும் செல்லும்.

மற்றவை சுருக்கமாக. நாய்ஸ் பிளாங்கருக்கு 'இரைச்சல் வெட்டி' போதும். எவ்வளவு மெல்லிய சிக்னலைப் பெட்டி பிடிக்கும் என்று சொல்லும் சென்சிட்டிவிட்டிக்கு 'உணர்திறன்' நிலைத்த சொல், அதில் கைவைக்க வேண்டாம். 0.5 மைக்ரோவோல்ட் பெட்டியைவிட 0.25 பெட்டி இரு மடங்கு நல்லது என்று விளம்பரம் சொல்லும். வித்தியாசம் 6 டெசிபெல், எஸ் கணக்கில் ஒரு படி. 27 மெகாஹெர்ட்ஸில் சுற்றுப்புறத்து மின் இரைச்சலே அதற்கு மேல் நிற்பதால் நெடுஞ்சாலையில் அந்த ஒரு படி காதுக்கு எட்டாது.

செலக்டிவிட்டிக்கு 'பிரிதிறன்' கூடாது, அது ரெசொல்யூஷனுக்குப் போய்விட்டது. 'தேர்திறன்' எனக்குச் சம்மதம். 18ஆம் சேனல் 27.175, 19ஆம் சேனல் 27.185. நடுவில் 10 கிலோஹெர்ட்ஸ்தான். பக்கத்துச் சேனலில் கிட்டத்தில் ஒருவர் உரக்கப் பேசினால் நம் சேனலில் கசியாமல் பார்த்துக்கொள்வது தேர்திறன். அதற்குப் பெட்டிக்குள் சேனலைப் பிரித்தெடுக்கும் 455 கிலோஹெர்ட்ஸ் வடிகட்டியை ஒடுக்கமாக வைத்தால் கசிவு நிற்கும், கூடவே குரலின் கூர்மையும் போய்ப் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலாகும். ஆகவே ஒலித்தரம் என்று தனியாக ஒரு மதிப்பெண் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. போதாக்குறைக்குப் பல பெட்டிகளில் ஸ்பீக்கர் அடிப்பக்கம் இருக்கிறது, டாஷ்போர்டோடு பேசுகிறது. இரண்டு பெட்டிக்கும் ஒரே வெளி ஸ்பீக்கரை மாட்டிக் கேட்காத ஒப்பீட்டை நான் மொழிபெயர்க்கப் போவதில்லை.

கட்டுரையில் வரப்போகும் வரி இது, சொல்லிப் பாருங்கள்:

"பெட்டிகளை ஒப்பிடும் முன் இரண்டின் ஒலிமடையையும் முழுக்கத் திறந்துவிடுங்கள். மௌனத்தைக் கேட்டு ஏற்பியை மதிப்பிடாதீர்கள்."

ஞாயிறு இரவுக்குள் மறுப்பு வராவிட்டால் சொற்பட்டியலில் 'ஒலிமடை' ஏற்றிவிடுவேன். கலுங்கு ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள்: உச்சியை மட்டும் நறுக்குகிற லிமிட்டருக்கு இன்னும் சொல் இல்லை. உங்கள் கலுங்கை அங்கே திருப்ப முடியுமா என்று பாருங்கள். அங்கே தேவை வழிந்தது போக மிச்சம்.