ஃபாஃப்சாவில் வளைகுடா சம்பளம்: சேர்ப்பது நியாயமா?

எடிசன்வாசி:
மகள் அடுத்த வருடம் கல்லூரிக்குப் போகிறாள். கணவர் அமெரிக்கக் குடிமகன், வேலை அபுதாபியில். சம்பளம் 1,10,000 டாலர். வெளிநாட்டில் சம்பாதித்ததை வரியிலிருந்து விலக்கும் படிவம் 2555 போட்டு அதை முழுவதும் விலக்கிவிடுகிறோம் (2024-க்கு வரம்பு 1,26,500). ஏ.ஜி.ஐ.யில் (வரி ரிட்டர்னில் வரும் சரிக்கட்டிய மொத்த வருமானம்) நிற்பது என் பகுதிநேர வேலையின் 18,000 மட்டும். ஆனால் 2026-27 ஃபாஃப்சா (கல்லூரி நிதியுதவிக்கான மத்திய அரசு விண்ணப்பம்), விலக்கிய தொகையைத் தனியாகக் கேட்கிறது. வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸே வேண்டாம் என்று விட்டதை இவர்கள் ஏன் தோண்டுகிறார்கள்?

கணக்குப்பிள்ளை:
ஐ.ஆர்.எஸ். விட்டது வரியை. சம்பளம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டுதானே இருக்கிறது? திருப்பிக் கட்ட வேண்டாத மத்திய உதவித்தொகையான பெல் கிராண்டில் 2026-27-க்கு அதிகபட்சம் 7,395 டாலர். அது வசதி இல்லாதவர்களுக்கான பணம். டெக்சாஸில் அதே 1,10,000 வாங்கி வரியும் கட்டுகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு அது கிடைக்காது. உங்களுக்கு மட்டும் கிடைக்க வேண்டுமா? 2025 ஜூலையில் வந்த சட்டம் இந்த ஓட்டையை அடைத்துவிட்டது. 2026 ஜூலை 1 முதல் பெல் தகுதி பார்க்கும்போது வெளிநாட்டு வருமானமும் சேரும்.

எடிசன்வாசி:
டெக்சாஸ்காரருக்கு ஒரு வீடு. எங்களுக்கு இரண்டு குடித்தனம், இரண்டு வாடகை, வருடத்துக்கு இரண்டு முறை விமான டிக்கெட். அவர்கள் சூத்திரம் குடும்பத்தில் எத்தனை பேர் என்று பார்க்கிறதே தவிர, எத்தனை அடுப்பு எரிகிறது என்று பார்ப்பதில்லை.

லண்டன்_மாமா:
அபுதாபியை விடுங்கள், அங்கே வருமான வரியே கிடையாது. எங்கள் நிலைமையைக் கேளுங்கள். நானும் அமெரிக்கக் குடிமகன்தான். இங்கே சம்பளத்தில் ஒரு பெரிய பங்கு பிரிட்டிஷ் வரியாகப் போகிறது. அப்புறம் அமெரிக்க ரிட்டர்னில் விலக்கு எடுத்தாலும் சரி, வெளிநாட்டு வரிக்கான கிரெடிட் எடுத்தாலும் சரி, அமெரிக்காவுக்குக் கட்டும் வரி பூஜ்யம். ஃபாஃப்சா சூத்திரம் கழிப்பது அமெரிக்க மத்திய வரியைத்தான். ஆக, நான் லண்டனில் கட்டியது முழுவதும் என் பையில் இருப்பதாகவே கணக்கு ஓடுகிறது. கணக்குப்பிள்ளை சார், இதற்கும் நியாயம் சொல்லுங்கள் பார்ப்போம்.

கணக்குப்பிள்ளை:
இது சரியான கேள்வி, சூத்திரத்தின் குறைதான். ஆனால் அதற்காக வருமானத்தையே மறைக்கச் சொல்ல முடியாது. கல்லூரியின் நிதியுதவி அலுவலரிடம் பிரிட்டிஷ் வரி ரசீதுகளைக் கொடுத்து, தனிப்பட்ட சூழ்நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்கில் போகும் எண்களை மாற்ற அவருக்கு அதிகாரம் உண்டு.

லண்டன்_மாமா:
அதிகாரம் உண்டு, கட்டாயம் இல்லை. ஒரு கல்லூரி ஒத்துக்கொள்ளும், அடுத்தது கையை விரிக்கும்.

ஃப்ரீமாண்ட்_ராஜி:
நடுவில் ஒரு சந்தேகம். என் என்.ஆர்.இ. (வெளிநாட்டு இந்தியர் இந்திய வங்கியில் வைக்கும் கணக்கு) வைப்புத்தொகை வட்டிக்கும், கும்பகோணத்து நிலத்தில் என் பங்குக்கு வரும் குத்தகைக்கும் இந்தியாவில் வரி இல்லை. அதுவும் இந்த விலக்குக் கட்டத்தில் போகுமா?

கணக்குப்பிள்ளை:
போகாது. இந்தியாவில் வரி இல்லை என்பது இந்தியாவோடு முடிந்தது. அமெரிக்காவில் குடியிருப்பவர் அதை இங்கே ரிட்டர்னில் காட்டியே ஆக வேண்டும், அப்போது அது தானாக ஏ.ஜி.ஐ.யில் வந்துவிடும். 2555 உழைத்துச் சம்பாதித்ததற்கு மட்டும். அந்த வைப்புத்தொகையும் நிலமும் சொத்துக் கேள்வியில் தனியாக வரும். குடியிருக்கும் வீட்டை ஃபாஃப்சா கேட்காது.

ஃப்ரீமாண்ட்_ராஜி:
தாத்தா அனுப்பும் பணம்?

கணக்குப்பிள்ளை:
2024-25 முதல் ஃபாஃப்சா அதைக் கேட்பதில்லை. ஆனால் சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் (கல்லூரிகள் தங்கள் சொந்த உதவிப் பணத்துக்காகக் கேட்கும் இன்னொரு விண்ணப்பம்) கேட்கும் தனியார் கல்லூரிகளை ஏமாற்ற முடியாது. அவர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள். தெரிந்தே பொய் எழுதினால் ஃபாஃப்சாவில் 20,000 டாலர் வரை அபராதம், சிறையும் உண்டு. ‘ஊர்ப் பணம் யாருக்குத் தெரியும்’ என்று வாட்ஸாப்பில் சொல்லித் தருகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

எடிசன்வாசி:
நான் மறைக்கப் போகிறேன் என்று யார் சொன்னது? எழுதத்தான் போகிறேன். நியாயம் என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அபுதாபி வாடகை ஒப்பந்தத்தை இணைத்துக் கல்லூரிக்குக் கடிதம் போடுகிறேன்.

கணக்குப்பிள்ளை:
போடுங்கள். கம்பெனி வாடகைப்படி தருகிறதா, எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். அவர்கள் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.