திருகோணமலை வெயிலுக்குப் பெரிய நாய் சரிவருமா?

உப்புவெளியில் எங்களுக்குப் பெரிய வளவு, தேங்காய்க் கள்ளருக்கும் குறைவில்லை. உள்ளதிலேயே பெரிய, பலமான நாய் எது? செயின்ட் பெர்னார்ட் எடுக்கலாமா?

மறுமொழி 1
தம்பி, அது ஆல்ப்ஸ் மலைப் பனிக்கு வளர்த்த சாதி. எங்கள் மத்தியான வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும், பாவம். எடையில் இங்கிலீஷ் மாஸ்டிஃப்தான் முன்னுக்கு, கடுவன் 100 கிலோவையும் தொடும்.

மறுமொழி 2
உயரமென்றால் கிரேட் டேன். சூஸ் என்ற ஒன்று 111.8 செ.மீ. என்று கின்னஸில் பதிவானது. ஆனால் ஆயுள் 8–10 வருடம்தான், அதோடு வயிறு முட்டத் தின்றதும் ஓடவிடாதீர்கள், இரைப்பை முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

மறுமொழி 3
எங்கள் ஊர்நாய் 15 கிலோகூட இராது, மதிலில் கை தெரிந்தாலே ஒழுங்கை முழுவதையும் எழுப்பிவிடும். நேற்று மீன்காரரின் சைக்கிள் சீற்றைக் கடித்துப் பஞ்சைப் பிடுங்கிவிட்டது, காசு நான்தான் கொடுத்தேன்.