வலதுசாரி மூளை, இடதுசாரி மூளை: இந்த ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம்?

சித்தூர் வாசகன்

வணக்கம்ங்க. எங்க வாயனசாலையில் (படிப்பகத்தில்) அடுத்த மாதம் விவாத வகுப்பு. பாலக்காட்டுத் தமிழ்நாட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கிட்டிருக்கிற ஒரு செய்திதான் தலைப்பு: "வலதுசாரிகளுக்கு மூளையில் பயப்படும் பகுதி பெரிது, இடதுசாரிகள் நிதானமாக யோசிப்பவர்கள், விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்." இதற்கு மூலமான ஆய்வு எது, அது இன்னும் நிற்கிறதா? வெளிநாட்டில் எடுத்த அளவு நம்ம எல்லைப் பக்கத்து அரசியலுக்குப் பொருந்துமா? கூகுள் ஃபார்ம் போட்டு நாமே அளந்து பார்த்தால் என்ன?

பாலக்காட்டு மாஷ்

மூளைக் கதையை முதலில் முடிச்சிடலாம், இருப்பதிலேயே பலவீனமானது அதுதான். 2011இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ரியோட்டா கனாய் குழு 90 மாணவர்களின் எம்ஆர்ஐ படங்களை அலசியது. தன்னைப் பழமைவாதி (வலது) என்று குறித்தவர்களுக்கு அமிக்டலா, அதாவது அந்தச் செய்தி பயப்படும் பகுதி என்கிற இடம், சற்றுப் பெரிது; தாராளவாதி (இடது) என்று குறித்தவர்களுக்கு முன்சிங்குலேட் என்ற இன்னொரு மூளைப் பகுதி சற்றுப் பெரிது என்று எழுதினார்கள். (கட்டுரையாளர் பட்டியலில் நடிகர் காலின் ஃபிர்த்தும் இருக்கிறார். ஒரு வானொலி நிகழ்ச்சிக்காகத் தொடங்கிய வேலை அது.) 2024இல் நெதர்லாந்தில் 928 பேரை வைத்து அதையே திரும்ப அளந்தார்கள். சிங்குலேட் தொடர்பு காணாமல் போச்சு, அமிக்டலா தொடர்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிடுச்சு. போதாக்குறைக்கு அமிக்டலா பயத்துக்கு மட்டுமான உறுப்பும் கிடையாது.

இதற்கு அண்ணன் 2008இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. நெப்ராஸ்காவில் 46 பேருக்கு அச்சுறுத்தும் படங்களைக் காட்டி, விரலில் வியர்வை மாறுவதை அளந்தார்கள். 2020இல் பாக்கர் குழு 202 பேரிடம் அதைத் திரும்பச் செய்து பார்த்தது. தொடர்பு ஏதும் இல்லை. அதே 'சயன்ஸ்' இதழ் இந்த மறு ஆய்வை மதிப்பீட்டாளர்களுக்குக்கூட அனுப்பாமல் திருப்பிவிட்டது. பிறகு வேறு இதழில் வந்தது. முதல் செய்தி ஊரெல்லாம் போச்சு, இரண்டாவது அந்த அளவுக்கு யார் காதிலும் விழலை.

46 பேரை வைத்துச் செய்தால் என்ன கெடும்? அந்த எண்ணிக்கையில் தொடர்புக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற எண்; 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.4 அளவுக்கு இருந்தால்தான் ஓரளவு உறுதியாகக் கண்ணில் படும். அரசியலுக்கும் சிந்தனை முறைக்கும் இடையில் வழக்கமாகக் கிடைப்பது 0.1, 0.2. அதைப் பிடிக்க 200 பேராவது வேண்டும், 0.1 என்றால் 800 பக்கம். சின்னக் கூட்டத்தில் தற்செயலாக வீங்கிய எண்தான் வாசலைத் தாண்டி அச்சுக்கு வரும்.

கேள்வித்தாள் ஆய்வுகள் இதைவிடத் தேவலை. 2003இல் ஜான் ஜோஸ்ட் குழு 12 நாடுகளின் 88 மாதிரிகளை, ஏறக்குறைய 22,800 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. நிச்சயமின்மையைத் தாங்காத தன்மை, ஒழுங்கு வேண்டும் என்ற நாட்டம் இரண்டும் பழமைவாதத்தோடு கொஞ்சம் சேர்ந்தே வருகின்றன. 'கொஞ்சம்' எவ்வளவு என்று வகுப்பில் காட்டுங்க. கெழு 0.2 என்றால், இருவரில் அதிக நாட்டம் உள்ளவரே அதிகப் பழமைவாதி என்று ஊகித்தால் நூற்றுக்கு 56 முறை சரியாக வரும். நாணயம் சுண்டினாலே 50 வருமே. இதை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரை எடைபோட முடியாது.

தோழர் கேகே

மாஷே, அப்போ எல்லாமே குப்பை என்கிறீர்களா? 1950இல் சர்வாதிகார மனப்பான்மையை அளந்த அடோர்னோ தொடங்கி இத்தனை பேர் ஒரே திசையில்தானே முடிவு சொல்கிறார்கள்?

வாளையார்க்காரி

குப்பை என்று மாஷ் சொல்லலைங்க தோழர். ஆனால் எல்லாம் ஒரே திசையில் வருகிறது என்றால் அளவுகோலைப் புரட்டிப் பார்க்கணும். அடோர்னோ குழுவின் எஃப் அளவுகோலில் எல்லா வாசகங்களுக்கும் 'ஆமாம்' சொன்னால்தான் சர்வாதிகார மதிப்பெண் ஏறும். எதைக் கேட்டாலும் தலையாட்டும் மனிதர் அதில் ஃபாசிஸ்ட் ஆகிவிடுவார்.

இன்னொன்று, திறந்த மனதை அளக்க உளவியலாளர் ஸ்டானோவிச் தயாரித்த கேள்விகள். மதப்பற்று உள்ளவர்கள் அதில் மிகக் குறைவாக வாங்கினார்கள். 'ஆதாரம் வந்தால் நம்பிக்கையை மாற்றிக்கொள்வேன்' என்ற வகைக் கேள்வியை அவர்கள் கடவுளை விடுவீர்களா என்று படித்தார்கள், மற்றவர்கள் ஏதோ பொதுவான கருத்து என்று படித்தார்கள். 2019இல் ஸ்டானோவிச்சும் அவரோடு ஆய்வு செய்த டாப்லாக்கும் தங்கள் அளவுகோலே அந்த இடைவெளியைப் பெரிதாக்கியது என்று அவர்களே எழுதினார்கள். இந்தத் துறையில் எனக்கு மரியாதை வந்த இடம் அது.

ஒரு தரப்புதான் தன் கட்சிக்குச் சாதகமாக ஆதாரத்தை எடைபோடுகிறது என்பதும் அவ்வளவு தெளிவில்லை. 2019இல் டிட்டோ குழு 51 பரிசோதனைகளைத் தொகுத்தபோது தாராளவாதிகளிடம் சாய்வு (மாஷ் சொன்ன அதே கெழுவில்) 0.235, பழமைவாதிகளிடம் 0.255. ஜோஸ்ட் அந்த முறையை ஏற்கவில்லை, சண்டை இன்னும் ஓயவில்லை.

சித்தூர் வாசகன் கேட்ட இரண்டாவது கேள்விதான் முக்கியம். 2014இல் மால்கா குழு 51 நாடுகளின் தரவைப் பார்த்தது. பாதுகாப்பு, நிச்சயம் தேடும் மனம் பண்பாட்டுப் பழமைவாதத்தோடு சேர்கிறது. பொருளாதாரத்தில் அப்படி இல்லை, அரசு காப்பாற்றட்டும் என்று இடது பக்கம் போவதும் உண்டு. அமெரிக்காவில் இரண்டும் ஒரே கட்சிக்குள் கட்டுண்டு கிடப்பதால் ஒன்றுபோலத் தெரிகிறது. இங்கே ரேஷனுக்கும் நிலச்சீர்திருத்தத்துக்கும் இடது பக்கம் நிற்கிறவர், 2018 செப்டம்பரில் சபரிமலைத் தீர்ப்பு வந்தபோது ஆசாரத்தின் பக்கம் நின்றார். அவரை எந்தக் கட்டத்தில் டிக் போடுவீங்க?

பாலக்காட்டு மாஷ்

மூன்றாவது கேள்விக்கு வர்றேன். ஃபார்ம் போடலாம், ஆனால் கட்சிக் குரூப்பில் போடாதீங்க. ஒரே கூட்டம் வந்து நிரப்பிட்டுப் போயிடும். வாயனசாலை, பஸ் ஸ்டாண்டு, மில்மா பால் சொசைட்டி என்று பல இடத்தில் காகிதமாகவே கொடுங்க. 250 பேர் இலக்கு. பொருளாதாரக் கேள்வி ஐந்தாறு, பண்பாட்டுக் கேள்வி ஐந்தாறு, தனித்தனி மதிப்பெண். எந்தக் கட்சிக்கு ஓட்டு என்பதைக் கொள்கைக்குப் பதிலாக எடுக்காதீங்க, நம்ம பக்கம் வேட்பாளரும் கூட்டணியும் பார்த்தும் ஓட்டு விழும். வயதும் படிப்பும் கட்டாயம் கேளுங்க, கிடைக்கும் தொடர்பில் பாதி அங்கேயே கரைந்துவிடலாம்.

வாசகங்களில் பாதியைத் தலைகீழாக எழுதணும். 1 முதல் 5 வரை அளவு என்றால் அந்தப் பாதிக்கு 6இலிருந்து விடையைக் கழிச்சுப் போடணும். இதில்தான் ஆள் விழுவாங்க. 2012இல் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பொலிடிக்கல் சயன்ஸ்' இதழில் வெர்ஹல்ஸ்ட் குழுவின் கட்டுரை சில குணங்களைப் பழமைவாதிகளோடு சேர்த்தது. விடைகளைக் குறியிட்ட திசை மாறிப்போயிருந்தது. 2016இல் வந்த திருத்தம் எல்லாம் நேர் எதிர் என்றது. அதனால் கணக்குப் போடும் முன் பத்துத் தாளை எடுத்து, மதிப்பெண்ணும் அந்த ஆள் எழுதியதும் ஒத்துப்போகுதா என்று கண்ணாலேயே பாருங்க.

சித்தூர் வாசகன்

நன்றி மாஷ், நன்றிங்க அக்கா. நிதானமாக யோசிப்பதை அளக்க பேட்டும் பந்தும் கணக்கு போதுமா?

வாளையார்க்காரி

பேட்டும் பந்தும் சேர்ந்து ₹110, பேட் பந்தைவிட ₹100 கூடுதல், பந்து எவ்வளவு? வாய்க்கு வருவது 10, சரியான விடை 5. டாலரில் ஃப்ரெடெரிக் 2005இல் வெளியிட்ட மூன்று கேள்வியில் ஒன்று. பிஎஸ்சி (அரசு வேலைத் தேர்வு) கோச்சிங் போன பிள்ளைகளில் பலர் இதைப் பார்த்திருப்பார்கள், அதனால் "முன்பே தெரியுமா" என்று ஒரு கட்டம் வைத்து அவர்களைப் பிரித்துவிடுங்க. கணக்கு வருவதையும் இது சேர்த்தே அளக்கிறது.

வகுப்புக்கு இதைவிட நல்லது கஹான் 2013இல் செய்த பரிசோதனை. மூன்று கேள்வியையும் கொடுத்துவிட்டு, இதில் நன்றாகச் செய்பவர்கள் இன்ன தரப்பினர் என்று ஒரு பகுதியினருக்கும், மறு தரப்பினர் என்று இன்னொரு பகுதியினருக்கும் சொன்னார். பிறகு, இது நல்ல சோதனையா என்று கேட்டார். தன் தரப்பைப் புகழ்ந்தால் நல்ல சோதனை என்றார்கள். அதிக மதிப்பெண் வாங்கியவர்களிடம்தான் இந்தச் சாய்வு கூடுதல். நீங்களும் இரண்டு வகைத் தாள் அடித்து, கலைத்துக் கொடுங்க. கூட்டம் கலையும் முன்பே உண்மையைச் சொல்லி, தாளை எண்ணித் திரும்ப வாங்கிடுங்க. இல்லேன்னா இரண்டும் அன்று ராத்திரியே குரூப்புக்குப் போயிடும்.