மறு: மாத்திரையால் நீடிக்கும் தலைவலி – என்ன சொல்லலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வலி மாத்திரையை அடிக்கடி போடுவதாலேயே நீடிக்கும் தலைவலிக்குத் (medication-overuse headache) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது.

குழுவில் ஓர் அம்மா முன்வைத்த 'மருந்து மிகைப்பயன்பாட்டுத் தலைவலி' என்ற பெயர் நீளமாக இருப்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. 'மிகை' என்ற சொல்தான் உறுத்துகிறது. அதைக் கேட்டதும் ஒரே நாளில் ஏழெட்டு மாத்திரை விழுங்கியவரைத்தான் நினைப்போம். இந்தத் தலைவலியோ, நாளுக்கு ஒன்று என்று அளவாகப் போட்டவருக்கும் வரும். பன்னாட்டுத் தலைவலிச் சங்கத்தின் 2018 வகைப்பாடு மாத்திரை போட்ட நாள்களைத்தான் கணக்கில் எடுக்கிறது. ஏற்கெனவே தலைவலித் தொல்லை உள்ளவர், பாரசிட்டமால் போன்றவற்றை மாதத்தில் 15 நாளாவது, ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டானோ, பல மருந்து கலந்த கூட்டு வலி மாத்திரையோ என்றால் 10 நாளாவது, 3 மாதத்துக்கு மேல் போட்டு வந்திருக்க வேண்டும். தலைவலியும் மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல் இருக்கும்.

'மருந்துத் தலைவலி' என்று சுருக்கவும் முடியாது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரினாலும் தலை வலிக்கும், அது வேறு.

கடலூர் முதுநகரில் எந்த மெடிக்கல் வாசலிலும் காதில் விழுகிற பேச்சு இது: "மாத்திரை பழகிப்போச்சு, போடலேன்னா மண்டை இடிக்குது." நோயின் இலக்கணம் முழுதும் அதில் இருக்கிறது. ஆகவே 'மாத்திரைப்பழக்கத் தலைவலி' என்பது என் பரிந்துரை.

குடிப்பழக்கம் போல ஒலித்து நோயாளி மேல் பழி விழுமே என்று புதுச்சேரி ஐயா கேட்டிருந்தார். அந்தக் கவலை எனக்கும் உண்டு. வலி தாங்காமல் மாத்திரை போட்டவரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது. ஆனால் காப்பிப் பழக்கம் என்றும் சொல்கிறோம், அதில் பழி ஏதும் இல்லையே. அதோடு, என்ன செய்ய வேண்டும் என்பதையும் இந்தப் பெயரே காட்டிவிடுகிறது. அந்த மாத்திரையை மருத்துவர் சொல்கிறபடி விட வேண்டும். விட்ட முதல் சில நாள் வலி கூடும், அப்புறம்தான் இறங்கும். 'பழக்கம்' என்றால் இதை விளக்குவது எளிது. 'மிகைப்பயன்பாடு' என்றால் "நான் அதிகமாகப் போடவே இல்லையே" என்று எழுந்து போய்விடுவார்கள்.

இன்னொன்று. இந்த வகையை நம் கலைச்சொல் பட்டியலில் 'இரண்டாம் நிலைத் தலைவலி' (secondary headache) என்பதன் கீழ் வைத்திருக்கிறோம். புற்றுநோய்க்கு 'இரண்டாம் நிலை' என்று கேட்டுப் பழகியவர்கள், தலைவலி முற்றிவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள். வேறொரு காரணத்தைச் சார்ந்து வருவதால் 'சார்புத் தலைவலி' எனலாமா? குழுவில் உள்ள மருத்துவர்கள் சொன்னால் பட்டியலில் மாற்றிவிடலாம்.