வலப்பக்கச் சிறுமூளைக்கும் சொற்களைத் தேடுவதற்கும் என்ன தொடர்பு?

கேள்வி:
சிறுமூளை உடலின் சமநிலையைக் காப்பது என்று மட்டுமே பள்ளியில் படித்தோம். எங்கள் குடும்பப் பெரியவர் ஒருவருக்கு இரத்தக்குழாய் அடைப்பால் வலப்பக்கச் சிறுமூளை பாதிக்கப்பட்டது. நடையின் தள்ளாட்டம் ஏறக்குறைய நீங்கிவிட்டது, நாக்கும் குழறவில்லை. ஆனால் ‘க’ எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லுமாறு மருத்துவர் கேட்டால் இரண்டு மூன்றுக்கு மேல் வருவதில்லை. மொழிப் பகுதிகள் இடப் பெருமூளையில் இருக்க, வலச் சிறுமூளைக்கு இதில் என்ன வேலை?

மறுமொழி 1:
நரம்புப் பாதைகள் குறுக்காக அமைந்திருப்பதே காரணம். இடப் பெருமூளையிலிருந்து இறங்கும் செய்தி மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில் மறுபக்கம் கடந்து வலச் சிறுமூளையை அடைகிறது. அங்கிருந்து, மூளையின் நடுவில் செய்திகளைக் கடத்திவிடும் தலாமஸ் என்னும் பகுதி வழியாக இடப் பெருமூளைக்கே திரும்புகிறது. 1988-இல் ஸ்டீவன் பீட்டர்சன் குழுவினர் மூளையின் எந்தப் பகுதி இயங்குகிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் கருவியைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். ஒரு பெயர்ச்சொல்லை அப்படியே திருப்பிச் சொல்வது ஒரு பணி. அதற்குப் பொருந்தும் வினைச்சொல்லை, கேக் என்றால் ‘தின்’ என்பதுபோல, தேடிச் சொல்வது இன்னொரு பணி. வாயசைவு இரண்டுக்கும் பொதுவாதலால், பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் பேச்சுத் தசைகளை இயக்கும் வேலை கழிந்துவிட வேண்டும். அப்படிக் கழித்த பின்னும் வலச் சிறுமூளையின் வெளிப்புறப் பகுதி இயங்கியது தெரிந்தது.

மறுமொழி 2:
சொல்லைத் தேடும்போது மனத்துக்குள் பேசிப் பார்க்கிறோம், ஆகவே அதுவும் அசைவின் நிழல்தான் என்று வாதிடுவோர் உண்டு. வாய் திறவாமல் கேட்கும்போதே குறை தென்படுவதால் அந்த வாதம் எனக்குப் போதுமானதாகப் படவில்லை. ஜெர்மனியில் ஹெர்மன் ஆக்கர்மன் குழுவினர் ‘போடன்’ (தரை), ‘போட்டன்’ (தூதர்கள்) என்னும் சொற்களை, நடுமெய்க்கு முன்வரும் மௌனத்தின் நீளத்தை மட்டும் மாற்றி ஒலிக்கச் செய்தபோது, இருபுறமும் சிறுமூளை தேய்ந்த நோயாளிகளால் அவற்றைப் பிரித்தறிய முடியவில்லை. நம் ‘பாடு’, ‘பாட்டு’ வேறுபாட்டிலும் இந்தக் கால அளவுக்குப் பெரும்பங்கு உண்டு.

கேட்டவர்:
அப்படியானால் அவருக்குத் தெரிந்த சொற்கள் அழிந்துவிடவில்லை என்று கொள்ளலாமா?

மறுமொழி 3:
பொதுவாக அப்படித்தான். சொற்களின் இருப்பிடம் பெருமூளை. சிறுமூளை அவற்றை வேண்டிய நேரத்தில் எடுத்துத் தருவதையும் பிழையைக் கண்டு திருத்துவதையும் சீராக்குகிறது என்பதே இன்று பலர் ஏற்கும் விளக்கம். 1992-இல் ஜூலி ஃபீஸ் குழுவினர் விவரித்த வலச் சிறுமூளை நோயாளி ஒருவர் அறிவுத்திறன் தேர்வுகளில் நன்றாகவே செய்தார். ஆயினும் வினைச்சொல் கேட்டால் பொருந்தாத சொற்களைச் சொன்னார், தவறு நேர்ந்ததையும் பெரும்பாலும் உணரவில்லை. மற்றவர்கள் அதே பட்டியலைத் திரும்பத் திரும்பச் செய்கையில் வேகம் பெறுவார்கள். அவரிடம் அந்த முன்னேற்றம் தென்படவில்லை. 1998-இல் ஜெரமி ஷ்மாமனும் ஜேனட் ஷெர்மனும் 20 நோயாளிகளை ஆராய்ந்து, திட்டமிடல், சொல்வளம், உணர்ச்சி ஆகியவற்றில் ஒருங்கே தோன்றும் குறைகளைத் தனியொரு நோய்த்தொகுதியாக வரையறுத்தனர். எனவே உடற்பயிற்சி சிகிச்சையோடு நிறுத்திவிடாமல், பேச்சு மற்றும் மொழிச் சிகிச்சையாளரிடமும் அவரைக் காட்டுங்கள். நாக்குக் குழறல் இல்லையென்பதால் அது தேவையில்லை என்று எவரேனும் சொன்னால், அந்தச் சொல் தேடும் சோதனையின் முடிவை எடுத்துக் காட்டுங்கள்.