லீவர் ஆக்‌ஷன், போல்ட் ஆக்‌ஷன்: நெம்புகோலும் கைத்தாழும்

அன்புடையீர், வணக்கம்.

மான் வேட்டைக்கு லீவர் ஆக்‌ஷன் துப்பாக்கி ஏற்றதா, போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கி ஏற்றதா என்று ஆராயும் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கி வரும் நண்பர், இவ்விரு பெயர்களுக்கும் தமிழ்ச்சொல் கேட்டிருந்தார். வந்துள்ள பரிந்துரைகளில் "நெம்புகோல் நடவடிக்கை", "மரையாணிச் செயல்" ஆகிய இரண்டையும் முதலிலேயே விலக்கிவிடலாம் என்று கருதுகிறேன். நடவடிக்கை எடுப்பது அரசும் நிர்வாகமும், துப்பாக்கி எடுப்பதில்லை. போல்ட் என்றதும் நட்டும் போல்ட்டும் நினைவுக்கு வந்ததால்தான் மரையாணி நுழைந்திருக்கிறது. இங்கே சொல்லப்படும் போல்ட் கதவில் இருக்கும் போல்ட், அதாவது தாழ்.

முதலில் ஆக்‌ஷன் என்பதைப் பார்ப்போம். துப்பாக்கியைப் பொறுத்தவரை அது ஒரு செயலின் பெயரன்று, ஓர் அமைப்பின் பெயர். தோட்டாவைக் குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் ஏற்றி, அறையின் பின்வாயை அடைத்துப் பூட்டி, சுட்டபின் வெற்றுக்கூட்டை வெளியே இழுத்து எறியும் உறுப்புகளின் தொகுதிக்கே அப்பெயர். ஆகவே "இயக்கம்", "செயல்" என்பவை பொருந்தா. "பொறி" என்ற பழஞ்சொல்லை நான் முன்வைக்கிறேன். தீப்பொறியோடு குழம்பும் என்று சிலர் தடை சொல்லலாம். ஆனால் எலிப்பொறி என்னும்போது யாரும் நெருப்பை நினைப்பதில்லை. பொறி என்று கொண்டால் மற்றோர் ஆதாயமும் உண்டு. .308 வின்செஸ்டர் போன்ற சுமார் 2.8 அங்குலத் தோட்டாக்களுக்கான குட்டையான அமைப்பையும், .30-06 போன்ற சுமார் 3.3 அங்குலத் தோட்டாக்களுக்கான நீண்ட அமைப்பையும் ஆங்கிலத்தில் தனித்தனிப் பெயரால் பிரிக்கிறார்கள். அவை தமிழில் குறும்பொறி, நெடும்பொறி என்று தாமாகவே வந்து அமர்கின்றன. "குறுஞ்செயல்" என்று எழுதிப் பாருங்கள், சிக்கல் புரியும்.

இனி போல்ட். பழைய வீட்டுக் கதவுகளில் இரும்புத் தண்டு ஒன்று வளையங்களுக்குள் நகரும். அதன் பிடியைத் தூக்கி, இழுத்து, மறுபடி தள்ளி, பிடியைக் கீழே படுக்க வைத்தால் கதவு அசையாது. போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கியில் கை செய்வதும் எழுத்துக்கு எழுத்து இதுவே. பிடியைத் தூக்கும்போது தண்டின் முனையிலுள்ள பூட்டுப்பற்கள் தம் பள்ளத்திலிருந்து விடுபடுகின்றன. இழுக்கும்போது வெற்றுக்கூடு வெளியேறுகிறது. தள்ளும்போது அடுத்த தோட்டா அறைக்குள் போகிறது. பிடியை இறக்கும்போது பற்கள் மீண்டும் பூட்டிக்கொள்கின்றன. 1898-ஆம் ஆண்டு மவுசர் துப்பாக்கியில் தண்டின் முன்முனையில் இரண்டு பற்களும், அவை உடைந்தால் தாங்குவதற்குப் பின்னால் மூன்றாவதாக ஒன்றும் இருந்தன. இன்று வேட்டைக்கு விற்கும் போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கிகளில் பல அந்த வடிவத்தின் வழிவந்தவையே. "அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்" என்ற குறளில் வரும் "அடைக்கும்" என்ற அடைமொழி, வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கி அறையை அடைக்கும் இவ்வுறுப்புக்கும் அப்படியே பொருந்துகிறது. எனவே உறுப்பின் பெயர் "தாழ்" என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் "தாழியக்கம்" என்று ஒருவர் புணர்த்தியதை ஏற்க இயலவில்லை. தாழி என்றால் பானை. வாசகர் முதலில் முதுமக்கள் தாழியை நினைப்பாரே தவிர துப்பாக்கியை நினைக்கமாட்டார்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றை விவாதத்தில் இதுவரை யாரும் தொடவில்லை. லீவர் ஆக்‌ஷன் துப்பாக்கிக்குள்ளும் ஒரு தாழ் இருக்கிறது. அதன் அறையையும் ஏதோ ஒன்று அடைத்தாக வேண்டும் அல்லவா? வேறுபாடு, தாழைக் கை நேராகப் பிடித்து நகர்த்துகிறதா, அல்லது விசைவில்லுக்குக் (டிரிக்கர்) கீழே உள்ள வளையப்பிடியை அசைத்து அதன்வழியாக நகர்த்துகிறதா என்பதில்தான் உள்ளது. ஆகவே வகைப்பெயரில் உள்ளிருக்கும் உறுப்பைச் சொல்வது போதாது, கை எதைப் பற்றுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதனால் போல்ட் ஆக்‌ஷனுக்குக் "கைத்தாழ்ப் பொறி" என்றும், அத்துப்பாக்கிக்குக் "கைத்தாழ்த் துப்பாக்கி" என்றும் பரிந்துரைக்கிறேன்.

லீவருக்கு "நெம்புகோல்" பள்ளிப் பாடநூல் வழியாக நிலைபெற்ற சொல். இருந்தும், இத்துப்பாக்கியில் எதையும் நெம்புவதில்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1894-ஆம் ஆண்டு வின்செஸ்டரை எடுத்துக்கொள்வோம். வளையப்பிடியைக் கீழ்நோக்கி முன்னால் தள்ளினால் தாழுக்குப் பின்னால் நின்று முட்டுக்கொடுக்கும் கட்டை இறங்குகிறது, தாழ் பின்னோக்கி ஓடுகிறது, தோட்டா மேலேறி நிற்கிறது. பிடியை மேலே இழுத்தால் எல்லாம் திரும்பி வந்து பூட்டிக்கொள்கின்றன. இரண்டே அசைவுகள். கண்டிப்பான பொருளில் நெம்புவது கைத்தாழ்தான் என்றுகூட வாதிடலாம்: அதன் பிடியைத் தூக்கும்போது சாய்தளம் ஒன்றின்மீது உறுப்பு ஏறி, அறையில் இறுகிக் கிடக்கும் வெற்றுக்கூட்டைப் பெருவிசையுடன் கிளப்பிவிடுகிறது. நெம்புகோல் வகைகளுக்கு அந்த வலு பொதுவாகக் குறைவு. ஆயினும் சுழல்புள்ளி, திறன், சுமை மூன்றும் உள்ள எதையும் நெம்புகோல் என்று மாணவர்கள் படித்துவிட்டபின், துப்பாக்கிக்கு மட்டும் "இயக்குகோல்" என்று புதிதாக ஒன்றைக் கொடுப்பது வீண்வேலை. நெம்புகோல் துப்பாக்கி என்றே இருக்கட்டும்.

இச்சொற்கள் மூலக்கட்டுரையின் பொருளைத் தாங்குமா என்பதே அடுத்த சோதனை. அக்கட்டுரையின் வாதத்தில் பாதி, தோட்டாக்கள் எங்கே அடுக்கப்படுகின்றன என்பதைச் சார்ந்தது. பெரும்பாலான நெம்புகோல் துப்பாக்கிகளில் குழலுக்குக் கீழே ஒரு நீண்ட குழாய் உண்டு. அதில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பின்னதன் மூக்கு முன்னதன் பிரைமரை, அதாவது தட்டினால் தீப்பற்றும் அடிப்புறக் குமிழை, தொட்டபடி படுத்திருக்கும். கூர்மூக்குக் குண்டானால் துப்பாக்கியின் உதைப்பில் அது பிரைமரைக் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடிக்க வைக்கலாம். அதனால்தான் 1895-இல் வெளிவந்த .30-30 தோட்டாவுக்கு மொட்டைமூக்குக் குண்டு. மொட்டைமூக்கு காற்றைக் கிழிப்பதில்லை. வேகத்தை விரைவில் இழக்கும். 150 கிரெய்ன் எடையுள்ள குண்டு .30-30-இல் நொடிக்கு ஏறத்தாழ 2,400 அடி வேகத்தில் புறப்பட, அதே எடை .30-06-இல் ஏறத்தாழ 2,900 அடி வேகத்தில் புறப்படுகிறது. நூறு கெஜத்துக்குள் மான் எதிர்ப்படும் அடர்காட்டில் இவ்வேறுபாடு பொருட்டல்ல. அங்கே கன்னத்தைத் துப்பாக்கியிலிருந்து எடுக்காமலே அடுத்த தோட்டாவை ஏற்ற முடிவதும், இடக்கைக்காரருக்கும் பிடி ஒன்றுபோலவே அமைவதும் நெம்புகோலின் பலம். வெட்டவெளியில் 250 கெஜத்துக்கு அப்பால் நிற்கும் மானுக்குக் கைத்தாழும் கூர்மூக்குக் குண்டும் வேண்டும். தரையில் படுத்துச் சுடுபவருக்கோ நெம்புகோலின் வளையம் மண்ணில் இடிக்கும். என்னைக் கேட்டால், கட்டுரையாசிரியர் "லீவர் பழசு, போல்ட் புதுசு" என்ற தொனியில் எழுதியிருப்பது தவறு. பிரஷ்யப் படை ஏற்ற டிரைசே ஊசித் துப்பாக்கி, 1860-ஆம் ஆண்டு ஹென்றி நெம்புகோல் துப்பாக்கிக்கு மூத்தது. அதுவும் கைத்தாழ் வகையே.

எனவே "தோட்டாக்குழாய்", தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் "தோட்டாப்பெட்டி" என்ற இரு சொற்களும் நண்பருக்குத் தேவைப்படும். எல்லா நெம்புகோல் துப்பாக்கியிலும் குழாய்தான் என்று பொருள்படும்படி எழுதிவிடக் கூடாது. 1895-ஆம் ஆண்டு வின்செஸ்டரில் இருந்தது தோட்டாப்பெட்டி. சாவேஜ் 99-இல் சுழலும் உருளை.

உறவுச்சொற்களையும் ஓட்டிப் பார்த்தேன். பிடியைத் தூக்காமல் நேராகப் பின்னிழுக்கும் ப்ளேசர் வகைக்கு "நேரிழுவைக் கைத்தாழ்" சரியாக வருகிறது. குழலுக்குக் கீழுள்ள பிடியை முன்னும் பின்னும் நகர்த்தும் பம்ப் வகைக்கு "முன்பிடிப் பொறி" எனலாம். இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்ளத் தடையில்லை. ரைஃபிள் என்பதற்கு ஈழவழக்கில் "துமுக்கி" உண்டு. ஆனால் வேட்டைக் கட்டுரையின் வாசகருக்குத் துப்பாக்கி போதும். குழலின் உட்புற வரிகளை மட்டும் "புரி" என்று அழைக்கலாம். பெரும்பாலான குழல்களில் அவை வலப்பக்கம் சுழல்வதால், வலம்புரி என்ற சொல் உழைப்பின்றியே கிடைக்கிறது.

மூலத்தில் நண்பருக்கு இடறிய வாக்கியத்தை இப்படி எழுதிப் பார்த்தேன்: "புதர்க்காட்டில் நடந்தபடி வேட்டையாடுபவருக்கு நெம்புகோல் துப்பாக்கியும், ஓரிடத்தில் அமர்ந்து தொலைவில் பார்த்துச் சுடுபவருக்குக் குறும்பொறிக் கைத்தாழ்த் துப்பாக்கியும் ஏற்றவை." படிக்கத் தடையில்லை என்றே நினைக்கிறேன்.

ஒன்றே ஒன்று எனக்குத் தீரவில்லை. பழைய நெம்புகோல் துப்பாக்கிகளில் வெளியே தெரியும் சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்திவைப்பதே பாதுகாப்பு ஏற்பாடு. சுத்தியலுக்குக் "குதிரை" என்ற பழைய வழக்கு அழகானது. ஆனால் அந்தப் பாதி நிலையை "அரைக்குதிரை" என்று எழுதினால் சிரிப்பு வருகிறது, "பாதி இழுத்த குதிரை" என்றால் வண்டி நினைவுக்கு வருகிறது. யாரேனும் உதவுங்கள்.