மறு: கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே இருப்பதை என்னவென்று சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை பாடம் அச்சுக்குப் போகிறது. ஓவர்ஹால் முடித்த இன்ஜினில் ஆயில் பிரஷர் ஏறாவிட்டால் எங்கே தேடுவது என்று ஐடிஐ மாணவர்களுக்குச் சொல்லும் அத்தியாயம். அதில் வரும் ‘ஆயில் கிளியரன்ஸ்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். வந்த யோசனைகளுக்கு எல்லாருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> ‘எண்ணெய் அழுத்தக் குறைவு’ என்றால் முடிந்தது. இதில் சொல்லாக்கத்துக்கு என்ன வேலை?

அது அறிகுறியின் பெயர், சார். எனக்கு வேண்டியது காரணத்தின் பெயர். பம்ப் எண்ணெயைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். ஜர்னலுக்கும் (கிராங்கில் பேரிங்குக்குள் சுழலும் உருண்டைப் பகுதி) அதைச் சுற்றியிருக்கும் பேரிங் ஷெல்லுக்கும் நடுவே உள்ள மெல்லிய வழியில் அது நெருக்கிக்கொண்டு போவதால்தான் அழுத்தமே எழுகிறது. இரண்டு அங்குல ஜர்னலுக்கு அந்த வழி சுமார் 0.05 மி.மீ. அது கூடிவிட்டால், குளிர்ந்த இன்ஜினில் பிரஷர் கேஜின் முள் நன்றாக நிற்கும். சூடேறி எண்ணெய் இளகியதும் ஐடிலில், அதாவது இன்ஜின் மெதுவாகச் சும்மா ஓடும்போது, இறங்கிவிடும். வெறும் ‘இடைவெளி’ என்று எழுதினால் டேப்பெட்டுக்கும் இடைவெளி, பிளக்குக்கும் இடைவெளி, ரிங் முனைக்கும் இடைவெளி. பையன் இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜை எடுத்துக்கொண்டு வால்வுப் பக்கம் போய்விடுவான்.

> ‘உயவிடை’ என்க. உயவு என்பது சங்கப் பாட்டில் வருத்தம். உராய்வு இரும்பின் வருத்தமன்றோ!

ஐயா, படித்ததும் மகிழ்ந்தேன். ஆனால் வகுப்பில் எழுதிக் காட்டியபோது பாதிப்பேர் ‘உய – விடை’ என்று பிரித்துப் படித்தார்கள். பிரித்துச் சொல்லிக் கொடுத்த பிறகுதான் விளங்கும் என்றால், லேத்துப் பட்டறையில் அந்தச் சொல் நிற்காது.

அப்புறம் நீங்கள் புறநானூற்று 102ஆம் பாட்டுக்குப் போனீர்கள். உப்பு வணிகரான உமணர் வண்டிக்கு அடியில் கட்டிவைத்த ‘சேம அச்சு’! ஸ்டெப்னிக்கு அதைவிட நல்ல சொல் கிடைக்காது. தனி இழை தொடங்குங்கள், நான் முதலில் வந்து கைதூக்குகிறேன்.

> பேரிங் என்பது ‘தாங்கி’. ‘தாங்கி இடைவெளி’ போதும்.

இதற்குத்தான் இங்கே ஆதரவு அதிகம். ஆனால் யாழ்ப்பாணத்து அக்கா சொன்னதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அங்கே தாங்கி என்றால் தொட்டி. தண்ணீர்த் தாங்கி என்பது வீட்டுக்கு வீடு புழங்கும் சொல். பக்கத்தில் எண்ணெயும் வந்துவிட்டால் பொருள் அடியோடு மாறிப்போகும்.

நான் முன்வைப்பது ‘எண்ணெய்ச் சந்து’. சந்து குறுகலானது, அதன் வழியே ஒன்று போகும். “சந்து கூடிப்போச்சு, பிரஷர் நிக்கல” என்று வாயிலும் வரும்.

இந்தச் சொல், அந்த இடைவெளியை அளக்கும் பிளாஸ்டிகேஜ் பாடத்தில் எனக்கு எவ்வளவு உதவுகிறது, பாருங்கள். மெழுகு மாதிரியான மெல்லிய இழையை, துடைத்துக் காயவைத்த ஜர்னல்மேல் வைத்து, பேரிங்கின் மூடியான கேப்பை உரிய டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்க வேண்டும். கிராங்கைச் சுற்றவே கூடாது. திரும்பக் கழற்றி, நசுங்கிய இழையின் அகலத்தை உறையில் அச்சிட்ட அளவோடு ஒப்பிட வேண்டும். இழை அகலமாக நசுங்கியிருந்தால் இடைவெளி குறைவு. மாணவர்கள் எல்லாரும் தடுமாறுவது இங்கேதான். அகலம் என்றதும் இடைவெளி அதிகம் என்று எழுதிவிடுகிறார்கள். “சந்து நெருக்கினால் இழை பரவும்” என்றால் ஒரே தடவையில் பிடித்துக்கொள்கிறார்கள்.

> சந்து வடமொழி ‘சந்தி’யின் சிதைவு. எண்ணெயோ எள் + நெய். பாறை நெய்யை எண்ணெய் என்பது இரட்டைப் பிழை.

தேங்காய் எண்ணெய் என்று எல்லாரும் சொல்கிறோமே, ஐயா. அந்தக் கதவு எப்போதோ திறந்துவிட்டது. சந்தின் பிறப்பு பற்றி உங்களோடு வாதிட மாட்டேன். எந்தத் தெருவில் கேட்டாலும் புரியும் என்பது எனக்குப் போதும்.

வேறு காரணமும் இருக்கலாமே என்று கோவைத் தம்பி கேட்டது சரிதான், எல்லாப் பழியும் சந்தின்மேல் இல்லை. முதலில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும். சென்சாரே பொய் சொல்லலாம். எண்ணெய் ஓடும் துளையை அடைக்கும் கேலரி பிளக் போட மறந்திருக்கலாம், எண்ணெயை உறிஞ்சும் பிக்கப் குழாயின் ஓ-ரிங் விட்டுப்போய் பம்ப் காற்றை இழுக்கலாம், அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வில் உலோகத் துகள் சிக்கி அது திறந்தபடியே நிற்கலாம். இதெல்லாம் பாடத்தில் இருக்கிறது. இன்ஜின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பை இறக்கி, கேப்பைக் கழற்றி அளப்பது கடைசியில்தான் வரும்.

கைதூக்கியவர்களில் பெரும்பான்மை தாங்கி இடைவெளிக்குத்தான், மறுக்கவில்லை. ஆனாலும் பாடத்தில் ‘எண்ணெய்ச் சந்து’ என்றே எழுதி, முதல் இடத்தில் மட்டும் ‘ஆயில் கிளியரன்ஸ் என்று பட்டறையில் சொல்வது’ என்று சேர்க்கிறேன். வியாழன் இரவுக்குள் இதைவிட நல்லதாக யாராவது கொடுத்தால் மாற்றத் தயார்.

ரிலீஃப் வால்வுக்கு ‘விடுவிப்பு அடைப்பிதழ்’ என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. விடுவிப்பதும் அடைப்பதும் ஒரே மூச்சில் வருவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கும் சொல் அனுப்புங்கள்.